ஒட்டியும் ஒட்டாத வெள்ளி

எங்கள் ஊர் மடவார் வளாகம் வைத்தியநாதர் கோயில் பக்கம் பெட்டிக்கடையில் ரீசார்ஜ் கார்டு வாங்கிய காலம் நினைவிருக்கிறதா? கார்டு கைக்கு வந்ததும் சட்டைப்பையில் மறுபடி காசைத் தேடுவோம், கொடுக்க அல்ல, சுரண்ட. நகத்துக்குள் வெள்ளித் துகள் புகுந்துகொள்ளும். அடியில் எண்கள் ஒரு கீறல் படாமல் பளிச்சென்று நிற்கும்.

மை ஒட்டவேண்டுமே என்பதுதான் அச்சுக்காரரின் வழக்கமான கவலை. இங்கே ஒட்டிவிடக் கூடாதே என்பது கவலை. எண்களை அச்சடித்ததும் மேலே வார்னிஷ் பூசி, புறஊதா ஒளியில் காயவைப்பார்கள். காகித நாரின் இடுக்குகள் அடைபட்டு, பரப்பு வழவழவென்று ஆகிவிடும். அதன்மேல் ரப்பர் தன்மையுள்ள மையை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஏற்றுவார்கள். ஊறி இறங்க இடமில்லாமல் அது மேலோடு படுத்துக் கிடக்கும். சுரண்டினால் அழிரப்பர் தூள்போலச் சுருண்டு வருவது அதனால்தான். ஆஃப்செட் மை ஓரிரு மைக்ரான் கனத்துக்குத்தான் படியும். மறைப்பதற்கு அது போதாது. ஸ்கிரீனில் பல மடங்கு கனமாகப் படியும்.

வெள்ளி நிறம் வெறும் அழகுக்கு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். மையில் இருப்பது அலுமினியத் தூள். மீன் செதில்போலத் தட்டையான துகள்கள், காயும்போது ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். விளக்கொளியில் தூக்கிப் பிடித்தாலும் எண் தெரியாது. எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் சிவகாசிப் பட்டாசுக்குள் போவதும் அலுமினியத் தூள்தான். அங்கே எரிந்து கண்ணைக் கூசவைக்கிறது, இங்கே ஒளியை மறிக்கிறது.

தீப்பெட்டி லேபிளில் தொடங்கிய சிவகாசி அச்சகங்கள் லாட்டரிச் சீட்டும் அடித்தன. 2003-இல் தமிழ்நாடு லாட்டரியைத் தடைசெய்தது. சுரண்டிப் பார்க்கும் சீட்டுக்கு நம் ஊரில் 'சுரண்டல் லாட்டரி' என்று பெயர் இருந்தது. யார் யாரைச் சுரண்டியது என்பது வேறு கணக்கு.

வடிவமைப்பாளருக்கு இந்தப் பூச்சு இன்னொரு தாள். அதன்மேல் நுண்கோடுகளோ படமோ அச்சிட்டால், யாராவது சுரண்டிப் பார்த்துவிட்டு மறுபடி பூசினால் கோடு ஒத்துவராது, மாட்டிக்கொள்வார். திருமண அழைப்பிதழில் தேதியை மறைக்கலாம், காலண்டரில் பரிசை ஒளிக்கலாம்.

ஆனால் பூசாத இடத்தையும் யோசிக்கவேண்டும். 2003-இல் கனடாவின் டொரான்டோவில் மோகன் ஸ்ரீவஸ்தவா என்ற புள்ளியியலாளர், ஒரு சுரண்டல் சீட்டில் வெளியே தெரிந்த எண்களை மட்டும் பார்த்தார். ஒருமுறை மட்டும் வந்த எண்கள் மூன்று ஒரே வரிசையில் அமைந்தால், அநேகமாகப் பரிசுச் சீட்டு. சுரண்டாத சீட்டுகளைப் பரிசுள்ளவை, இல்லாதவை என்று பிரித்து லாட்டரி நிறுவனத்துக்கே அனுப்பிவைத்தார். அந்த விளையாட்டை அவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.