லால்பாக் கண்ணாடி மாளிகை: ஒரு கண்காட்சிக் கூடத்தின் வரலாறு

பெங்களூருவின் வடபகுதியிலுள்ள ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து தெற்கே லால்பாக் பூங்காவுக்குச் செல்பவர், இன்று ஒரே மாநகருக்குள்தான் பயணம் செய்கிறார். 1881 முதல் 1947 வரை நிலைமை வேறாக இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன் அமைந்துள்ள தண்டுப் பகுதி ஆங்கிலேயர் நிர்வாகத்திலும், லால்பாக் மைசூர் சமஸ்தானத்தின் கீழும் இருந்தன. இவ்விரு பகுதி மக்களையும் ஒரே கூரையின் கீழ் கூட்டிய இடங்களுள் லால்பாக் கண்ணாடி மாளிகை குறிப்பிடத்தக்கது.

முன்மாதிரி

1851ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்காக, ஜோசப் பாக்ஸ்டன் இரும்பாலும் கண்ணாடியாலும் 'பளிங்கு அரண்மனை'யை அமைத்தார். ஐந்தரை மாதங்களில் சுமார் 60 லட்சம் பேர் அதனைக் கண்டனர். கிடைத்த உபரி வருவாயான 1,86,000 பவுன், அருங்காட்சியகங்களும் கல்வி நிலையங்களும் தோன்ற முதலீடாயிற்று. பொருட்காட்சி என்பது வெறும் வேடிக்கையன்று, அறிவைப் பரப்பும் சாதனம் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

பெங்களூருவில்

1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக், 1856இல் அரசுத் தாவரவியல் பூங்காவாயிற்று. 1874இல் பொறுப்பேற்ற ஜான் கேமரன், மலர், காய், கனிக் கண்காட்சிகளுக்கு நிலையான கூடம் வேண்டுமெனக் கருதினார். 1889 நவம்பர் 30ஆம் நாள் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். கூடத்தின் இரும்புப் பாகங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்டுக் கடல் வழியே வந்தன.

புதிய பயிர்களைச் சாகுபடியாளர் கண்ணால் கண்டாலன்றி ஏற்கமாட்டார் என்பது விரிவாக்கப் பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்ததே. நாம் பெங்களூர்க் கத்தரிக்காய் என அழைக்கும் சௌசௌவை இப்பகுதியில் அறிமுகப்படுத்திய பெருமை கேமரனைச் சாரும். வெளிநாட்டுக் காயொன்று ஊர்ப்பெயரையே ஏற்று நம் சமையலறைக்கு வந்துவிட்டது.

உள்நாட்டு உருக்கு

1935இல் மாளிகை கிழக்கு நோக்கி விரிவுபடுத்தப்பட்டது. இம்முறை உருக்கு கிளாஸ்கோவிலிருந்து வரவில்லை. விசுவேசுவரய்யாவின் முயற்சியால் உருவாகி, 1923இல் உற்பத்தியைத் தொடங்கிய பத்ராவதி ஆலையிலிருந்து வந்தது. அரை நூற்றாண்டுக்குள் சமஸ்தானம் அடைந்த தொழில் முன்னேற்றத்திற்கு இவ்விரிவாக்கமே சான்றெனலாம்.

லண்டனின் பளிங்கு அரண்மனை, வேறிடத்திற்கு மாற்றியமைக்கப்பட்ட பின்னர், 1936ஆம் ஆண்டு அதே நவம்பர் 30ஆம் நாள் தீக்கிரையாயிற்று. அதனைப் பின்பற்றி எழுந்த லால்பாக் மாளிகையோ நிலைத்து நிற்கிறது. குடியரசு நாள், சுதந்திர நாள் ஆகியவற்றையொட்டி ஆண்டுதோறும் இருமுறை இங்கு மலர்க் கண்காட்சி நடைபெறுகிறது.

பழைய பொதுக் கட்டடங்களின் பராமரிப்புச் செலவை வீண் செலவாகக் கருதுவோர் உளர். ஆனால், பயன்பாடற்றுப் பூட்டப்பட்ட கட்டடமே உண்மையில் வீண் செலவாகும். கண்காட்சிக் கூடத்தின் பயனை நுழைவுக் கட்டண வருவாயால் மட்டும் அளத்தல் இயலாது. பார்வையாளர் தம் தோட்டத்திற்கு எடுத்துச் செல்லும் விதையையும் அறிவையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.