உங்களுக்குத் தெரியுமா? பளபளக்கும் பெயின்ட்டுக்குள் குழாய் அரித்திருக்கலாம்

நேர்கோட்டில் பாயும் டிராக்ஸ்டர் பந்தயக் காரின், எஞ்சின் முன்னால் இருந்த பழைய வகையில், ஓட்டுநர் பின் அச்சுக்கும் பின்னால், கால்களை அதன் மேலாக நீட்டி உட்கார்ந்திருப்பார். கிளட்சும் கியர்பெட்டியும் அவர் பாதங்களுக்குப் பக்கத்தில். 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் திடலில் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் கியர்பெட்டி வெடித்து, வலது பாதத்தின் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. அதன்பின் அவர் எஞ்சினைப் பின்னுக்கு மாற்றிக் கட்டிய கார் 1971இலேயே வெற்றிபெற, பழைய வகை சில ஆண்டுகளில் மேல்மட்டப் போட்டிகளிலிருந்து மறைந்தது.

அந்தக் கார்களைத் திருத்தி மீண்டும் ஓட்டுவோர் இன்றும் உண்டு. எஞ்சினைவிட, குழாய்களால் ஆன சட்டகமே பெரிய கவலை. மட்டக்களப்பு வாவியோரம் இரும்புக் கேற் வைத்திருப்பவருக்கு உப்புக்காற்றின் வேலை தெரியும்: வெளியே பெயின்ட் மினுங்கும், உள்ளே துரு தின்னும். அதனால் அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் பரிசோதகர்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. மீயொலிக் கருவியைக் குழாயில் வைத்துச் சுவரின் தடிப்பை அளப்பார்கள். வெல்டிங் தையலை அரத்தால் ராவி அழகாக்கியிருந்தால் ஏற்கமாட்டார்கள். ராவினால் ஒட்டு மெலியும். குறோம் பூச்சும் ஆபத்துத்தான். பூசும்போது ஐதரசன் உருக்கினுள் புகுந்து அதை நொறுங்கவைக்கலாம். தேறிய சட்டகத்தில் ஒட்டும் முத்திரை வேகமான கார்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளே செல்லும். இருக்கைப் பட்டிக்கும் காலாவதித் தேதி உண்டு. பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றியே ஆகவேண்டும்.