காயமில்லா விபத்தும் கார் உரிமையாளரின் இழப்பீட்டு உரிமையும்

சாலைச் சந்திப்பில் இரண்டு கார்கள் மோதிக்கொள்கின்றன. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. சிறிது நேர வாக்குவாதத்துக்குப் பிறகு ஒருவர் சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறார். அல்லது இருவரும் ஒன்றும் பேசி முடிக்காமலேயே கலைந்துவிடுகின்றனர். ஒர்க்‌ஷாப் தரும் மதிப்பீட்டைப் பார்க்கும்போதுதான் இழப்பின் அளவு தெரியவருகிறது.

உடலில் காயம் ஏற்பட்டால் மட்டுமே இழப்பீடு கோர முடியும் என்று வாடிக்கையாளர்கள் பலர் கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. பொருட்சேதத்துக்கும் இழப்பீடு உண்டு. அதைப் பெற இரண்டு வழிகள் உள்ளன. எது நமக்கு ஏற்றது என்பதைக் கணக்குப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

முதல் வழி: நமது காப்பீடு

சொந்தச் சேதத்தையும் உள்ளடக்கிய பாலிசி இருந்தால், தவறு யாருடையதாயினும் நமது காப்பீட்டு நிறுவனத்திடமே இழப்பீடு கோரலாம். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் வைத்திருப்போருக்கு இவ்வழி இல்லை.

இவ்வழியில் பணம் விரைவில் கிடைக்கும். ஆனால் முழுமையாகக் கிடைக்காது. மாற்றப்படும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வாகனத்தின் வயதைப் பொறுத்துக் கழிவு மாறும். அத்துடன், 1,500 சி.சி. வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாயும் கட்டாயமாக நாமே ஏற்க வேண்டிய தொகையாகும்.

மூன்றரை ஆண்டு ஓடிய சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலோகப் பாகங்களுக்கு 20,000 ரூபாய், பம்பர் முதலிய பிளாஸ்டிக் பாகங்களுக்கு 10,000, கண்ணாடிக்கு 5,000, வேலைக்கூலி 8,000 என மொத்தச் செலவு 43,000 ரூபாய். வரியை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், உலோகத்தில் 25 சதவீதமாக 5,000, பிளாஸ்டிக்கில் பாதியாக 5,000, கட்டாயத் தொகை 1,000 ஆகியவை கழியும். 32,000 ரூபாய் கிடைக்கும். தேய்மானமில்லாக் காப்பீட்டைக் கூடுதல் பிரீமியம் செலுத்திச் சேர்த்திருந்தால் கழிவு பெரிதும் குறையும்.

சிறிய சேதங்களில் மற்றொரு கணக்கும் உண்டு. சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய் என்றும், அதில் 50 சதவீதம் நோ கிளைம் போனஸ் பெற்றுவருகிறோம் என்றும் கொள்வோம். ஒருமுறை இழப்பீடு கோரினால் இச்சலுகை அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யமாகும். அதன்பின் 20, 25 சதவீதம் என்று மீண்டும் படிப்படியாகவே ஏறும். முதல் மூன்று ஆண்டுகளில் மட்டும் நாம் இழப்பது 5,000, 3,000, 2,500 என 10,500 ரூபாய். ஆகவே, ஐயாயிரம் ரூபாய்ச் சேதத்துக்குக் காப்பீட்டை நாடுவது லாபமாகாது.

இரண்டாம் வழி: எதிர்த் தரப்பின் காப்பீடு

தவறு மற்றவருடையது எனில், அவரிடமும் அவரது காப்பீட்டு நிறுவனத்திடமும் இழப்பீடு கோரி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 165ஆம் பிரிவு, மூன்றாம் தரப்பின் சொத்துச் சேதத்தையும் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வைத்துள்ளது. சேதக் கோரிக்கை 2,000 ரூபாய்க்கு மேற்பட்டால், விரும்புவோர் உரிமையியல் நீதிமன்றத்தையும் நாடலாம். விபத்து வெளியூரில் நிகழ்ந்திருந்தாலும், நாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்ய இயலும். விபத்து நிகழ்ந்த 6 மாதங்களுக்குள் மனு அளிக்க வேண்டும் என்ற விதி, 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

இவ்வழியில் மற்றவரின் தவறை நாமே நிரூபிக்க வேண்டும். காலமும் செலவும் கூடும். ஆகவே பெரிய இழப்புகளுக்கும், சொந்தச் சேதக் காப்பீடு இல்லாதோருக்குமே இது பெரிதும் பயன்படும். ஒரே இழப்புக்கு இரு இடங்களிலும் பணம் பெற முடியாது. நமது காப்பீட்டில் கிடைக்காத பகுதியை மற்றவரிடம் கோர எண்ணினால், ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்னும் ரசீதில் கையொப்பமிடும் முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நலம்.

சம்பவ இடத்தில் செய்ய வேண்டியவை

எவ்வழியில் சென்றாலும் ஆதாரம் தேவை. வாகனங்களை நகர்த்துவதற்கு முன் அவை நின்ற நிலையையும், இரு பதிவெண்களையும், சேதங்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். எதிர்த் தரப்பினரின் பெயர், ஓட்டுநர் உரிமம், பாலிசி விவரம், நேரில் கண்டவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தரப்பின் சொத்துக்குச் சேதம் நேர்ந்து, அவ்விடத்தில் காவலர் இல்லையெனில், ஓட்டுநர் இயன்ற விரைவிலும் எப்படியாயினும் 24 மணி நேரத்துக்குள்ளும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 134ஆம் பிரிவு விதிக்கும் கடமை. அளித்த புகாருக்கு ஒப்புகை பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் தந்து, சர்வேயர் பார்வையிடும்வரை பழுதுபார்க்கத் தொடங்காதீர்கள்.

வாகனக் கடன் உள்ளவர்களுக்கு

கடனில் வாங்கிய காரின் பாலிசியில் வங்கியின் பெயரும் குறிக்கப்பட்டிருக்கும். பழுதுபார்ப்புக்கான தொகை வழக்கம்போல ஒர்க்‌ஷாப்புக்கோ உங்களுக்கோ சேரும். ஆனால், பழுதுபார்ப்புச் செலவு காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது முழு இழப்பாகக் கருதப்படும்; அப்போது தொகை முதலில் வங்கியின் கடன் கணக்கில் வரவாகும். மீதி இருந்தால் உங்களுக்கு வரும். குறைந்தால் நீங்கள் செலுத்த வேண்டும். ஐ.டி.வி. 4,00,000 ரூபாய், கடன் நிலுவை 4,60,000 ரூபாய் எனில், கார் இல்லாத நிலையிலும் 60,000 ரூபாய்க்கு மேல் கைப்பணம் செலுத்த நேரும். நீண்ட தவணையில் கடன் பெறுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களிலும் மாதத் தவணை தொடரும் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

மறுக்கப்பட்டால்

உங்கள் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தால், காரணத்தை எழுத்தில் பெற்று, முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாட்களில் தீர்வு கிட்டாவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. நுகர்வோர் ஆணையமும் உண்டு.

இவ்விதழை மூடிவைக்கும் முன் உங்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சொந்தச் சேதக் காப்பீடு உள்ளதா, ஐ.டி.வி. எவ்வளவு, நோ கிளைம் போனஸ் எத்தனை சதவீதம் என்னும் மூன்றையும் அறிந்திருந்தால், விபத்து நேர்ந்த பதற்றத்திலும் சரியான முடிவெடுக்க இயலும்.