வழிகாட்டும் கருவியை வண்டியிற் பொருத்துதல்

சிலாபம் வழியாகப் புத்தளத்திற்கு வரும் பிரயாணிகளும், கற்பிட்டியிலிருந்து மீனேற்றிச் செல்லும் லொறிச் சாரதிகளும் இக்காலத்திற் சிறியதொரு கருவியைத் தம் வண்டியிற் கொண்டு செல்கின்றனர். பாலாவிச் சந்தியில் எப்புறம் திரும்பவேண்டும் என்பதைத் திரையிற் காட்டி, குரலாலும் அறிவிப்பது அக்கருவி.

நாம் நிற்கும் இடத்தை அது எவ்வாறு அறிகின்றது? ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்கச் செய்மதிகள் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாது அறிவிக்கின்றது. அவ்வலை நம்மை அடைய ஒரு செக்கனில் நூற்றில் ஏழு பங்களவு செல்லும். அத்தாமதத்தைக் கொண்டே தூரம் கணிக்கப்படுகின்றது. செக்கனிற் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும். செய்மதியில் உள்ளது அணுக் கடிகாரம். நம் கருவியில் உள்ளதோ சாதாரணக் கடிகாரம். ஆதலின் இடத்தை அறிய மூன்று செய்மதிகளும், கடிகாரப் பிழையைத் திருத்த நான்காவதும் வேண்டும்.

இனி, பொருத்தும் முறையைக் காண்போம். கடற்காற்றினால் முன்கண்ணாடியிற் படிந்த உப்பை நன்னீராற் கழுவி, ஈரமறத் துடைத்த பின்னரே இறப்பர்க் கிண்ணத்தை அழுத்துக. ஆகாயம் தெரியும் இடமாகவும், சாரதியின் பார்வையை மறைக்காத கீழ்ப்புறமாகவும் அது இருத்தல் வேண்டும். காற்றுப்பை விரியும் இடத்திற் பொருத்தலாகாது. கார்களில் மின்னழுத்தம் 12 வோற்று. பெரிய லொறிகளில் 24 வோற்று. கருவியின் இணைப்பு அதனைத் தாங்குமா என முதலிற் பார்த்துக்கொள்க. வயர் காலடியில் தொங்குதல் கூடாது. முதன்முறை வெட்டவெளியிற் சில நிமிடம் நிறுத்திவைத்து, செல்லும் ஊரையும் புறப்படுமுன்னரே குறித்துவிடுக. வண்டியை வெயிலில் நிறுத்தும்போது கருவியைக் கழற்றி எடுத்துவிடுக. வெப்பம் அதன் மின்கலத்தைக் கெடுக்கும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வழி கேட்டால், குறுகிய வழியென்று கருவி எலுவாங்குளத்தைக் காட்டக்கூடும். அங்கே கலா ஓயாவைச் சப்பாத்துப் பாலத்தினாற் கடக்கவேண்டும். அதற்கப்பால் வில்பத்துக் காடு. மாரிகாலத்தில் ஆறு பெருகிப் பாலத்தின் மேலே பாயும். செய்மதி நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும். நீரின் ஆழத்தைச் சொல்லாது. ஆதலின் வண்ணாத்திவில்லிலே வண்டியை நிறுத்தி ஊரவரைக் கேளுங்கள். அவர்கள் வேண்டாமென்றால், தூரம் கூடினும் அநுராதபுரம், மதவாச்சி வழியாகச் செல்வதே அறிவுடைமை.