மின்கிதாரின் விலை எங்கே இருக்கிறது?

சென்ற ஆண்டு பேரன் ஒரு மின்கிதார் கேட்டான். மும்பைக் கடையில் இரண்டை எடுத்துக் காட்டினார்கள். ஒரே உருவம், ஒரே நிறம், அதே ஆறு தந்தி. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல் எட்டு மடங்கு! "ஏனய்யா இப்படி?" என்று கேட்டேன். "அது அமெரிக்கா சரக்கு சார்" என்றார் கடைக்காரர். நாற்பது வருஷம் பாத்திர வியாபாரம் செய்தவனுக்கு இந்தப் பதில் போதுமா? தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

ஆலைக் கிதாருக்கு வழி வகுத்தவர் கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர். ரேடியோ ரிப்பேர் செய்தவர்; கிதார் வாசிக்கத் தெரியாதவர். ஆனால் கூலிக் கணக்குத் தெரிந்தவர். கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டாமல் நாலு திருகாணியால் முடுக்கினார். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அப்படிச் செய்ததுதான். இன்று மரத்தை அறுப்பது கணினி இயந்திரம். அது எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே அளவாக அறுக்கும். ஆகவே உருவத்தில் விலை இல்லை.

பின் எதில் இருக்கிறது? முதலாவது, கைவேலையில். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோல் கிதாரின் கழுத்திலும் உலோக மெட்டுகள் உண்டு. அவற்றின் ஓரத்தை அராவி, சமன் செய்து, மெருகேற்ற நேரம் பிடிக்கும். மலிவுச் சரக்கில் முதலில் குறைவது இந்த நேரம்தான். ஒலியை மின்சாரமாக்கும் காந்தச் சுருள், தந்தி முறுக்கும் சாவி ஆகியவற்றின் தரம் அதற்கு அடுத்தது.

இரண்டாவது, மரமும் அதற்கான காகிதமும். விரல்பலகைக்கு நம் தென்னாட்டு ஈட்டி மரம் பேர்போனது. 2017-ல் அந்த மர இனம் முழுவதற்கும் சர்வதேச அனுமதிச் சீட்டு கட்டாயமானது. உடனே சில ஆலைகள் வேறு மரத்துக்கு மாறின. 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

மூன்றாவது, பேர். ஃபெண்டரின் உடல் வடிவங்களுக்கு வணிகச்சின்ன உரிமை கிடையாது என்று 2009-ல் அமெரிக்காவில் தீர்ப்பாயிற்று. ஆனால் சாவிகள் இருக்கும் தலைப்பகுதியின் வடிவம் அவர்களுடைய சின்னம். உடலை அங்கே பலரும் செய்யலாம். தலைக்குத்தான் தனிக் காசு!

நாலாவது, கூலி. ஃபெண்டரின் அமெரிக்க ஆலை கலிபோர்னியாவின் கொரோனா நகரில் இருக்கிறது. மெக்சிகோ ஆலை என்செனாடாவில். இடையில் சில மணி நேரச் சாலைப் பயணம்தான். ஆனால் எல்லையைத் தாண்டினால் கூலி வேறு, விலையும் வேறு. கொரியாவின் கோர்ட் நிறுவனம் கிதார் வேலையை இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் கொண்டுபோய், 2007-08-ல் சொந்த நாட்டு ஆலைகளை மூடியது. வேலை போனவர்களின் போராட்டம் 2019-ல்தான் உடன்பாட்டுக்கு வந்தது.

இதற்கெல்லாம் மேல் கப்பல் சத்தம், சுங்கம், வரி, கடைக்காரர் லாபம்.

நான் மலிவானதையே வாங்கினேன். கூடவே கொஞ்சம் பணம் கொடுத்து, தெரிந்த கைவினைஞரிடம் மெட்டு ஓரங்களை அராவச் செய்தேன். பேரன் விரலில் கீறல் நின்றது. ஆலை மிச்சம் பிடித்த கூலியை நான் இங்கே கொடுத்தேன், அவ்வளவுதான். விலை குறைவு என்றால் யாரோ ஒருவர் கூலி குறைந்தது என்றும் பொருள் இருக்கலாம். வியாபாரியான எனக்கே அது அறுபது வயசுக்கு மேல்தான் உறைத்தது.