மூன்றாம் அடுக்கிலிருந்து விழுந்தவனுக்கு யார் பணம் தருவார்?

மும்பையில் கோகுலாஷ்டமிக்கு மறுநாள் தஹி ஹண்டி. நம் ஊர் உறியடிதான். ஆனால் இங்கே ஆள் மேல் ஆள் ஏறிப் பானையை உடைக்க வேண்டும். ஏறுகிறவர்களுக்குக் கோவிந்தா என்று பெயர். தாராவி, செம்பூர் தமிழ்ப் பையன்களும் இந்தக் குழுக்களில் உண்டு. 2022 ஆகஸ்டில் மகாராஷ்டிர அரசு இதைச் சாகச விளையாட்டு என்று அறிவித்ததும் ஒரு சந்தேகம் கிளம்பியது. சாகச விளையாட்டில் பட்ட காயத்துக்கு மெடிக்ளெய்ம் பாலிசி பணம் தராதாமே?

பாதிதான் உண்மை. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாகக் காப்பீட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்திருக்கும் வாசகம், அதைத் தொழிலாகச் செய்கிறவரைத்தான் விலக்குகிறது. பண்டிகைக்கு ஏறும் காலேஜ் பையன் அதில் வரமாட்டான். பரிசுப் பணத்துக்காக ஊர் ஊராகப் போகும் குழு என்றால் கம்பெனி வாதாடிப் பார்க்கும். எதற்கும் குழுவில் சேரும்போதே அரசின் கோவிந்தா காப்பீட்டில் பெயர் ஏறியதா என்று கேட்டுவிடுங்கள். உயிர் போனால் 10 லட்சம், மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் வரை அதில் உண்டு.

நோய்க்கு இல்லாத ஒரு சலுகை விபத்துக்கு இருக்கிறது. புதுப் பாலிசியின் முதல் 30 நாள் காத்திருப்பு விபத்துக் காயத்துக்குக் கிடையாது. முகம் கிழிந்து பிளாஸ்டிக் சர்ஜரி செய்தால், ‘அழகுக்காகச் செய்தது’ என்று தள்ளவும் முடியாது. ஏமாற்றம் வருவது பெரும்பாலும் சின்னக் காயத்தில். கை முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, அன்றே வீடு திரும்பினால் சாதாரண பாலிசியில் ஒன்றும் வராது. 24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது டே-கேர் சிகிச்சையாக இருக்க வேண்டும். வாக்கர், கழுத்துப் பட்டை, முழங்கால் பட்டை எல்லாம் பெரும்பாலும் கைக்காசுதான்.

கிளெய்மின் தலையெழுத்து பல நேரம் கேஷுவல்ட்டியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. டியூட்டி டாக்டர் “எப்படி அடிபட்டது?” என்பார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில், பைக்கிலிருந்து விழுந்தவருடன் வந்தவர் “மாடிப்படியில் வழுக்கிட்டார்” என்பார். அது அப்படியே கேஸ் பேப்பரில் ஏறும். பிறகு கிளெய்ம் படிவத்தில் பைக் என்று எழுதினால் இரண்டும் முட்டும். அதே தாளில் ‘மது வாடை’ என்று இரண்டு சொல் இருந்தாலும் போச்சு. பொதுவான விலக்கு வாசகம் பேசுவது குடிநோயையும் அதன் விளைவுகளையும்தான். ஒருநாள் குடித்தவர் அதை வைத்து வாதாட இடமுண்டு. ஆனால் போதையில் பட்ட காயத்தைத் தனியாக விலக்கியிருக்கும் பாலிசி என்றால் கஷ்டம். டிஸ்சார்ஜுக்கு முன்பே பேப்பரை வாங்கிப் படித்து, தவறாக எழுதியிருந்தால் டாக்டரிடம் சொல்லித் திருத்தி வாங்குங்கள்.

தாராவிப் பட்டறைகளின் கதை வேறு. தோல் வெட்டும் மெஷினில் ஆள்காட்டி விரல் போன தொழிலாளி, பேங்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே என்று பிரதமரின் சுரக்‌ஷா பீமாவை நம்பிப் போவார். அதில் ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது. ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் முழுதும் செயலிழந்தால் 1 லட்சம், விரலுக்கு எதுவுமில்லை. அவர் கேட்க வேண்டியது முதலாளியிடம். பட்டறை இஎஸ்ஐ-யில் பதிந்திருந்தால் சிகிச்சையும், வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதமும் அங்கே கிடைக்கும். பதியாத சின்னப் பட்டறை என்றால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. 1923 முதல் உள்ள இந்த உரிமை இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது. முழு ஆள்காட்டி விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் போனதாக அதன் அட்டவணை கணக்கிடுகிறது. “கட்டுக்கட்டக் காசு தந்தேனே” என்று சேட் சொல்வது இழப்பீடு ஆகாது.

பாலிசி கிளெய்மைத் தள்ளினால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். மும்பை அலுவலகம் சாந்தாக்ரூஸ் மேற்கில், எஸ்.வி. ரோட்டில், ஜீவன் சேவா அனெக்ஸில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். கம்பெனியின் இறுதி மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.