ஸ்டார் ரெய்டர்ஸ்

ஸ்டார் ரெய்டர்ஸ் என்பது அடாரி 400, 800 வீட்டுக் கணினிகளுக்காக அடாரி நிறுவனம் 1980 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவியல் புனைவுச் சுடும் விளையாட்டு ஆகும். இதனை உருவாக்கியவர் டக் நியூபவர். முழு விளையாட்டும் 8 கிலோபைட்டு அளவே கொண்டது.

விளையாடுபவர் விண்கலத்தின் உள்ளிருந்து பார்ப்பது போலத் திரை அமைந்துள்ளது. சைலான் என்னும் பகைவரின் கலங்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். ஆனால் சுடும் திறன் மட்டும் போதாது. பகைக்கலங்கள் விண்வெளி வரைபடத்தில் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். விண்தளம் ஒன்றைச் சுற்றி வளைத்தால் அதனை அழித்துவிடும். ஆற்றலை நிரப்பவும் பழுது நீக்கவும் அத்தளங்களே உதவுகின்றன. சுடுவதற்கும் பறப்பதற்கும் ஆற்றல் செலவாகும். எனவே, எத்தளத்தை முதலில் காப்பது என்ற முடிவே வெற்றியைத் தீர்மானிக்கிறது. ஆட்டம் முடிந்ததும் விளையாடியவரின் திறனுக்கேற்பப் பதவிநிலை ஒன்று வழங்கப்படும்.